முளைக்காத கொத்தமல்லி

அக்டோபர் 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். எதிர் மலை இருக்கிறதா போய்விட்டதா தெரியவில்லை. தைக்க வந்த ரவிக்கைகள் நாளைக்கு.

பின்பக்கம் பாத்தி கட்டியாயிற்று. சாணி எரு, சாம்பல், கொஞ்சம் மணல். போட்டவை:

வெந்தயம். அப்படியே தூவல்.
ஓமம். மணலோடு கலந்து. இல்லையென்றால் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டு சண்டை போடும்.
திருநீற்றுப்பச்சை. பக்கத்து வீட்டு குப்பம்மா அக்கா கொடுத்த காய்ந்த பூங்கொத்தில் உதிர்த்த விதை. ஊற வைத்தது தப்பு. தவளை முட்டை மாதிரி வழவழ. கையில் ஒட்டிக்கொண்டு மண்ணுக்கு இறங்க மாட்டேன் என்றது.
கொத்தமல்லி. பலகையில் பரப்பி செருப்பால் தேய்த்து, இரண்டாக உடைத்து, கோடு கிழித்து வரிசையாக. தையல்காரி புத்தி, கோணலாகப் போட்டால் தூக்கம் வராது.

கொத்தமல்லி விதை மட்டும் இவர் கடையிலிருந்து. டப்பாவைத் திறந்து இவரே ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். "எதுக்கு இவ்ளோ? கொல்லையில வியாபாரம் பண்ணப் போறியா?"

வியாபாரம்தான். உங்கள் மூக்கைத் திரும்ப வாங்கும் வியாபாரம். வாயால் சொல்லவில்லை.

அக். 7, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பாத்தி மேல் லைனிங் துணி விரித்துக் கல் வைத்தேன். கு. அக்காவின் கோழிகளுக்கு என் பாத்தி மேல் ஒரு கண்.

காலையில் கடைக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தேன். இதுதான் இப்போது என் முதல் வேலை. பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் டிபன் கடை. இட்லி, சாமைப் பொங்கல், ரசம். ரசத்துக்காகவே பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் உண்டு.

இவர் எதையும் ருசி பார்த்து சமைத்ததில்லை. முதல் கரண்டி சாமி படத்துக்கு, இரண்டாவது வந்தவர்களுக்கு. அதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில். உப்பு, புளி எல்லாமே மூடியைத் திறந்து ஒரு இழுப்பில் சொல்வார். ஆடியில் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போயிற்று, வாசனை வரவில்லை.

நான் கண்டுபிடித்தது எப்படி? போளூர் பஸ் டிரைவர் சொன்னது காதில் விழுந்தது. "இன்னா கோவிந்தண்ணே, ரசத்துல பெருங்காயத்த கொட்டிட்டியா? நெஞ்சுக்குள்ள நிக்குது." இவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"ஒரு துளி நாக்கில் விட்டுப் பாருங்களேன்" என்றேன் அன்று. "இத்தினி வருசம் இல்லாதது இப்ப இன்னாத்துக்கு?" என்றார். பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம்.

அதனால் தினமும் நான் போகிறேன். இவர் மூடியைத் திறப்பார், நான் குனிவேன். தலையாட்டினால் சரி. உதட்டைப் பிதுக்கினால் புளி கம்மி. யாரும் பார்க்காதபோது. கல்யாணத்தில் கூட இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

அக். 9, வியாழன்

மழை. பஸ் லேட். சுண்ணாம்பு, நூல்கண்டு, இஞ்சி வாங்க வேண்டும்.

இவர் ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே: "கார்த்திகை பொறக்கட்டும். சமையலை வுட்டுட்டு டீ மட்டும் போடலாம்னு கீறேன்."

"ஏன்?"

"எத்தினி நாளு நீ வந்து மோந்து பாப்ப? ஜனம் சிரிக்கும்."

டீக்கடை நடத்தும் மனுஷன் இல்லை இவர். கரண்டியைப் பிடுங்கினால் கையைப் பிடுங்கின மாதிரி. எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

போளூர் டாக்டர் சொன்னது எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது: "நல்லா வாசனையா நாலு பொருள் எடுத்துக்குங்க. காலையில, சாயந்திரம் மோந்து பாருங்க. மூக்கு மறந்ததை மெதுவா திரும்பக் கத்துக்கும். வராமலும் போகலாம், ஆனா விடாதீங்க." வெட்டி வைத்த பொருளை விட, செடியில் கசக்கி மோந்தால் நல்லது என்பது என் வைத்தியம்.

அக். 14, செவ்வாய்

வெந்தயம் வந்துவிட்டது! நெருக்கியடித்துக்கொண்டு. திருநீற்றுப்பச்சை கண்ணுக்குத் தெரியாத அளவில் பச்சைப் புள்ளி. ஓமம் யோசிக்கிறது.

கொத்தமல்லி ஒன்றும் இல்லை. அதற்கு எப்போதும் சோம்பல்தான்.

வெந்தயக் கீரையைக் கிள்ளி இவர் மூக்கடியில் கசக்கினேன். "ஒண்ணுமில்ல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "லேசா இன்னாமோ கீற மாதிரி கீது" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அக். 18, சனி

தீபாவளித் தையல் தலைக்கு மேல். கழுத்து நோகிறது.

கொத்தமல்லி வரிசையில் ஈ காக்காய் இல்லை. பொறுக்க முடியாமல் குந்தி, விரலால் மண்ணைக் கிளறினேன். போட்ட விதை போட்டபடி. ஒன்றில்கூட முளை இல்லை. ஒன்றைத் துடைத்து மூக்கில் வைத்தேன்.

வறுத்த வாசனை.

இன்னொன்றையும் எடுத்து மோந்தேன். அப்புறம் புரிந்தது. கடையில் தனியாவுக்கு இரண்டு டப்பா. ஒன்றில் பச்சை. இன்னொன்றில் வண்டு விழாமல் இருக்க லேசாக வறுத்தது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா, பேர் எழுதினதில்லை. மூடியைத் திறந்தால் தெரியாதா என்பார். தெரியும்தான், மூக்கு இருந்தால்.

வாங்கும்போது நானாவது மோந்திருக்கலாம். ஊர் ரசத்தையெல்லாம் மோந்து பார்க்கிறவளுக்குக் கையிலிருந்த விதையை மோக்கத் தோன்றவில்லை.

இவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் கார்த்திகை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்.

அக். 19, ஞாயிறு

இவர் கடையில் இருக்கும்போது கு. அக்காவிடம் பச்சைத் தனியா வாங்கி, உடைத்து, அதே கோடுகளில் போட்டுவிட்டேன். பழையதைப் பொறுக்கி எடுத்தாயிற்று. துணியை முன்பு போலவே விரித்தேன், கல்லும் அதே இடத்தில்.

அக்கா: "இன்னாடி, திருட்டுப் பயிரா?"

ஆமாம் என்றேன்.

அக். 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. அதிரசம் கொஞ்சம் கருகல், இவர் போட்டது. நான் இரண்டு சேர்த்தே சாப்பிட்டேன். "நல்லா கீதா?" "நல்லா இருக்குதுங்க." பொய்க்குப் பொய் சரி.

அக். 31, வெள்ளி

நல்ல மழை, பிறகு மூடுபனி. சட்டை பட்டன் தீர்ந்துவிட்டது.

கொ.மல்லி முளைத்துவிட்டது. ஆனால் இது என்ன கூத்து? என் வரிசையில் வந்திருக்கிறது, சரி. வரிசைக்கு நடுவிலும் வந்திருக்கிறது. ஓரத்திலும். கல் அடியிலிருந்துகூட இரண்டு எட்டிப் பார்க்கிறது. நான் அங்கெல்லாம் போடவே இல்லை. எறும்பு இழுத்திருக்குமா?

நவம்பர் 2, ஞாயிறு

எறும்பு இல்லை.

சாயந்திரம் இவர் பாத்தியருகே குந்திக்கொண்டு களை எடுத்தார். "அடர்த்தியா வந்துடுச்சே, கலைச்சு வுடணும்" என்றார். நான் முகத்தைத் திருப்பாமல், "யார் இப்படி அள்ளித் தூவினது?" என்றேன்.

பிடுங்கின களையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீ இங்க குந்திக்கினு வெதைய நோண்டி மோந்தியே. நான் கதவாண்ட நின்னு பாத்துக்கினு தான் இருந்தேன். உன் மொகம் போன போக்குல எனக்குத் தெரிஞ்சு போச்சு. கடைக்குப் போயி ரெண்டு டப்பாவையும் கொட்டி வெளிச்சத்துல பார்த்தேன். நான் குடுத்தது செவந்த நிறம், வறுத்தது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நீ ஆசையா போட்டது முளைக்கலன்னா மனசு வுட்டுடுவன்னு, தீபாவளி மறுநா விடியக்காலம் கடைக்குப் போறப்ப துணிய தூக்கி பச்சையா ஒரு பிடி தூவிட்டுப் போய்ட்டேன். நீ போட்டது எனக்குத் தெரியாதே."

அவர் மனசு உடையக்கூடாதென்று நான். என் மனசு உடையக்கூடாதென்று அவர். நடுவில் கொத்தமல்லிக்கு மூச்சு விட இடமில்லை.

சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. இவர் கையெல்லாம் மண், அதோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

நவ. 8, சனி

தினமும் இரண்டு வேளை நடக்கிறது. ஓமத் தழை, வெந்தயம், தி.பச்சை, கொ.மல்லி. கண்ணை மூடச் சொல்லி ஒன்றொன்றாகக் கசக்கி நீட்டுகிறேன். பேர் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் "கொத்தமல்லி" என்கிறார். ஒரு தடவை என் கையை மட்டும் நீட்டினேன். அதற்கும் கொத்தமல்லி.

கிள்ளியதில் துவையல் அரைத்தேன். நல்ல வாசனை. எனக்கு மட்டும்.

நவ. 13, வியாழன்

அடைமழை. சளி. என் மூக்கும் அடைத்துவிட்டது. வீட்டில் மூக்கு இரண்டு, வேலைக்கு ஆவது ஒன்றும் இல்லை.

கடைக்குப் போய்க் குனிந்தேன். ஆவி மட்டும் முகத்தில். தலையை ஆட்டவும் முடியவில்லை, உதட்டைப் பிதுக்கவும் முடியவில்லை. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். மூடியைப் போட்டார்.

"போதும் சாந்தா. நீ வூட்டுக்குப் போய் படு."

இன்று டீ மட்டும். டிரைவர் ரசம் கேட்டாராம். இல்லை என்றாராம்.

நவ. 15, சனி

சளி குறையவில்லை. பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ரசப் பானையும் வந்துவிட்டது. திங்கட்கிழமை கார்த்திகை ஒன்று.

"இந்த மாசம் ரசப்பொடி, சாம்பார்பொடி எதுவும் வறுக்க வேணாம்" என்றார். சரி என்றேன்.

கொ.மல்லி அரைச் சாண் உயரம். இரண்டு பேர் போட்டதும் பிரித்துச் சொல்ல முடியாதபடி.

நவ. 16, ஞாயிறு

மழை விட்டது. காற்று. பொழுது சாய்ந்துவிட்டது.

வேண்டாம் என்றதற்காக வறுக்காமல் இருக்க நான் என்ன அவர் சொல் கேட்கிறவளா? பொடி வீட்டில் இருக்கட்டும், மனசு மாறினால் கைக்கு எட்டட்டும். மிளகாயை வறுக்கவில்லை, தும்மல் காட்டிக்கொடுத்துவிடும். வாணலியில் தனியா மட்டும் போட்டுத் தீயைக் குறைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். இவர் பின்பக்கம் பாத்தியில். நான் மிஷினில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்குக் காலையில் என்ன செய்வார்? பால் காய்ச்சுவார். டீ வடிகட்டுவார். அந்தக் கை ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போடும் அழகு எனக்கு

கத்துகிறார்.

"ஏ சாந்தா! தனியா தீயுது பாரு! தனியா!"

என் மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. என்ன தீயுது என்று கேட்கவில்லை இவர். வாசனைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

தீயட்டும். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.