அருள்பிரகாசம் அண்ட்

இராயபுரம், 9 மார்ச் 1928

அன்புள்ள சிலுவையம்மாளுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமா? அத்தைக்கு என் தோத்திரம்.

பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் எழுதுகிறேன். குழாய் வேலைக்கு லைசென்ஸ் கிடைத்ததும் கடைவாசலில் 'அருள்பிரகாசம் அண்ட் சன்ஸ்' என்று பலகை மாட்டினேன். லைசென்ஸில் இல்லாதவரைப் பலகையில் விளம்பரம் செய்தால் லைசென்ஸே ரத்தாம். நேற்று கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டரின் சேவகர் வந்துவிட்டார்.

"இன்னா நைனா, சன்ஸுன்னு போட்டுகீறியே, எங்க கீறாங்கோ?"

"ஒருத்தன்தான். தூத்துக்குடில இருக்கான். ஆனியிலதான் பொறப்பான்."

"பொறக்காதவனுக்கு லைசென்ஸா? சொரண்டு, சொரண்டு!"

'சன்ஸ்' போயிற்று. 'அண்ட்' யார் பெயரும் அல்லவாதலால் சட்டத்தில் அதற்குத் தடையில்லையாம், விட்டுவிட்டார். அண்ட் என்றால் தமிழில் 'உம்'. ஆகவே இப்போது வாசலில் 'அருள்பிரகாசமும்' என்று மட்டும் நிற்கிறது. போகிறவர்களெல்லாம் "அப்பால யாரு?" என்று கேட்கிறார்கள்.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்பு. பதில் கடிதத்தை உன் கையாலேயே எழுது. பெண்ணானாலும் சரி, பிள்ளையோடு சீக்கிரம் வந்துவிடு. அந்த 'அண்ட்'டுக்குப் பக்கத்தில் நீங்கள் வந்து நின்றால் போதும், பெயின்ட் வேண்டாம். தபால்காரர் பையைக் கட்டுகிறார், முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அருள்பிரகாசமும்