ஆணியில் மாறிய சாவி

சந்தனம் இன்னும் காயவில்லை. ஆயுத பூஜைக்காகக் கழற்றிய லாரிச் சாவிகள் என் மேசைமேல் தாம்பாளத்தில் கிடக்கின்றன. கிரீஸ் வாடையும் சந்தன வாடையும் கலந்து மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. சிரித்த முகமில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே ரத்தம் ஒழுக நின்ற முகம்.

நம் கம்பெனிக்கு ஊரெல்லாம் கிளை, ஓசூர் யார்டில் மட்டும் பத்துக் கம்ப்யூட்டர். ஆனாலும் லோடு யாருக்கு என்று சொல்வது என் தலைக்குப் பின்னாலிருக்கும் ஆணிப்பலகைதானே. வண்டியை நிறுத்துகிறவன் அடுத்த ஆணியில் சாவியை மாட்டிவிட்டுக் குளிக்கப் போவான். முதல் ஆணிக்கு முதல் லோடு. போன வருஷம் ஆயுத பூஜையன்று, இரண்டு நாள் காத்துக் கிடந்து உன் சாவி முதல் ஆணிக்கு வந்திருந்தது.

மறுநாள் அஞ்செட்டியில் உன் மகளுக்குக் காதுகுத்து. "மத்தியானம் ஏத்திட்டா சேலத்துல எறக்கிட்டு காலைல ஊருக்குப் போயிடுவேன் மச்சான். பாப்பாவுக்குத் தாய்மாமன் கெடையாது, உன் மடியிலதான் குத்தணும். டிமிக்கி குடுத்துடாத" என்றாய்.

பூஜை முடிந்ததும் காதில் போனை இடுக்கிக்கொண்டு நான்தான் சாவிகளைத் திரும்ப மாட்டினேன். உன்னுடையது இரண்டாம் ஆணிக்குப் போயிற்று. உனக்குப் பின்னால் வந்த லோடு தரகனின் வண்டிச் சாவி முதலுக்கு வந்தது. நீ உன் சாவியை எடுத்துப்போய் லாரியை லோடு ஏற்றும் மேடைக்குத் திருப்பியபோது, முதல் ஆணி தன்னுடையது என்று தரகன் இரண்டு ஆட்களோடு வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நீயும் சும்மா விடவில்லை, அவன் மூக்கில் ஒன்று போட்டாய்.

"மச்சான், முந்தாநாள்லேர்ந்து பாக்கறியே. மொதல்ல வந்தது யாரு? நீயே சொல்லு."

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. பின்னால் மேனேஜர் நின்றார். வேலை போய்விடுமே என்று பயந்தேன். "ஆணியில இருக்கறதுதான் வரிசை" என்றேன். இந்த வாயில் கொள்ளியை வைக்க.

டயர் தட்டுகிற இரும்புக் கம்பியால் முதலில் உன் முழங்காலில் அடித்தார்கள். விழுந்ததும் தாடையில். வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமத் தண்ணீரில் கிடந்தாய். எது குங்குமம், எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தவழ்ந்து வந்து ஆபீஸ் கம்பிக் கதவைப் பிடித்து எழுந்தாய். "தொறடா மச்சான்" என்றாய். யார்டில் அடிதடி என்றால் முதலில் ஆபீஸைப் பூட்டு என்பது கம்பெனி உத்தரவு. பூட்டியிருந்தேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கதவைப் பிடித்திருந்த உன் விரல்கள் மேலும் ஓங்கி அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் போன பிறகுதான் திறந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். அடித்தவர்களைப் போலீசுக்குக் கைகாட்டினேன். சாவியை மாற்றி மாட்டியவனைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்று காலை உன் பெண்டாட்டி போன் பண்ணினாள். "வருஷம் திரும்பிடுச்சுண்ணா. ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தறோம். அவரு சொன்ன மாதிரி நீங்கதான் மடியில வெச்சுக்கணும்."

வருகிறேன் என்றேன். சாவிகளை இன்னும் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் உட்காருவதற்கு முன்னால் உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடுவேன், மொதல்ல வந்தது நீதான் என்று. அதைக் கேட்ட பிறகும் பிள்ளையை என் மடியில் வைப்பாளா என்று தெரியவில்லை.