மாரியோட மீசை

1953, டிசம்பர் கடைசி ஞாயிறு

இந்த வருசத்து நல்ல படம் பத்துல நம்மாளு நடிச்ச படம்தான் மொதல்ல வந்துகீதுன்னு காலைல சலூன்ல சத்தமா படிச்சேன். அது பொய்யி. விமர்சனம் எழுதறவங்க பத்திரிகைல போட்ட அந்த பத்துல நம்மாளு படமே இல்ல.

ஞாயித்துக்கிழமைன்னா சலூன்ல நான்தான் எல்லாருக்கும் படிச்சி சொல்வேன். நானா எழுத்து கூட்டி கத்துகினவன்னு எனக்கு ஒரு மருவாதி. அத்தினி பேரும் என் வாயவே பாத்துகினு இருந்தாங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல.

மாரின்னு என் தோஸ்து, ஆர்பர்ல கப்பல் மூட்டை தூக்கறவன், கேட்டதும் துள்ளிட்டான். நேரா நம்மாளுக்கு போட்டியா இருக்கற இன்னொரு நடிகரோட ரசிகனுங்க கிட்ட போயி, "பொய்யா இருந்தா என் மீசைய எடுத்துக்கங்கடா"ன்னு பந்தயம் கட்டிட்டான். சாயங்காலம் அவனுங்க பத்திரிகைய எடுத்துகினு சலூனுக்கே வந்துட்டானுங்க. வெரல வச்சி ஒவ்வொரு படமா படிச்சி காட்னானுங்க.

"இன்னா மாரி, உன் தோஸ்து கனாவுல படிச்சானா?"

மாரி என்னிய ஒரு வாட்டி பாத்தான்.

"அவன் சரியாதான் படிச்சான். என் காதுலதான் கோளாறு"ன்னுட்டு நாற்காலில போயி குந்திகினான்.

காலைல என் வாயால கேட்டவங்க அத்தினி பேரும் அங்கதான் இருந்தாங்க. அவங்க கண்ணு முன்னாலயே கத்தி மாரியோட மீசைய வழிச்சிது.

வெளிய வந்ததும் மாரி மேல் உதட்ட தடவிகினே, "அடுத்த ஞாயிறும் நீதான படிப்பே?"ன்னான். நான் விறுவிறுன்னு வூட்டுக்கு வந்துட்டேன்.

இன்னா சொல்லட்டும் அவனுக்கு, யார்னா சொல்லுங்களேன்.