வெள்ளையனுக்குச் செஞ்ச பெட்டி

ஏனுங்க,

ஊடெல்லாம் சால்டரிங் புகையாக்கி நீங்க செஞ்ச ஜிபிஎஸ் பெட்டி, அடிக்கடி காணாமப் போற நம்ம நாய் வெள்ளையனுக்குன்னுதானே சொன்னீங்க? காலையில என் ஸ்கூட்டி சீட்டைத் தூக்குனா, ஏரியலோட அங்க ஒட்டியிருக்குது. நாய் எப்பங்க ஸ்கூட்டி ஓட்டப் பழகுச்சு?

நீங்க சொன்னபடியே அதை வெள்ளையன் கழுத்துல கட்டி அவுத்து உட்டுட்டேன். போன்ல புள்ளி மஞ்சக்குட்டைக் காப்பித் தோட்டமெல்லாம் அலையறதைப் பாத்து, நான்னு நெனச்சுத் தேடித் திரிஞ்சுட்டு வந்திருந்தீங்கன்னா, சோறு குண்டாவுல இருக்குது. நாய்க்கும் போடுங்க.

நான் வெள்ளக்கடையில இருக்கற அக்கா ஊட்டுக்குப் போறேன். வாயைத் தொறந்து கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்.

சசிகலா

ஸ்கூட்டி சாவி ஆணியிலயே தொங்குது. பஸ்ஸுலதான் போறேன். இன்னொரு பெட்டியை அதுல எங்க ஒட்டி வெச்சிருக்கறீங்களோ, ஆரு கண்டா!