குதிரைக்கார ரீச்சர் கேட்ட கேள்வி

லிங்கநகர்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் மருமகனும் குஞ்சு ஆரூரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணுமென்று காளி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் உப்பைக் குறைத்தால் சண்டைக்கு வருகிறார். நான் வைத்த செவ்வரத்தம்பூக் கன்றை மான் வந்து மொட்டையாய் மேய்ந்துவிட்டது, விரட்டினால் நின்று என்னையே பார்க்கிறது, ரவுணுக்குள்ளே தெருத்தெருவாய்த் திரிகிற இந்த மான்களுக்கு வெட்கமே இல்லை. தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகேன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி, போன் கடை நுஸ்கியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பலாம் என்றால் அவன் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவான். அதனால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய குதிரை வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது. நாலு வயதாகியும் கதைக்காத ஆரூரனுக்கு வைத்தியமென்று குதிரையில் ஏற்றுகிறார்கள் என்று நீ சொன்னபோது விசர்க்கதை என்றுதான் நினைத்தேன். ஐயோ, எவ்வளவு பெரிய மிருகம்! அப்பா ஐந்து தரம் பார்த்துவிட்டு, "தலையில தொப்பி போட்டிருக்கு, ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்குது, நீ ஏன் நடுங்கிறாய்" என்றார். சொன்னவரே கடைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பாதி வழியில் திரும்பி வந்து, குதிரைக்குப் பின்னால் பிள்ளையை விடவேண்டாமென்று எழுதச் சொன்னார்.

ஆனால் என் பயம் குதிரை இல்லை, மகள். அந்தக் குதிரைக்கார ரீச்சர் தந்த படிவத்தில், உங்கள் குடும்பத்தில் யாரும் சின்ன வயதில் கதைக்காமல் இருந்தார்களா என்று கேட்டிருக்கிறது, என்ன எழுத என்று என்னைக் கேட்டாய். நான் வாய் கூசாமல், "ஒருத்தரும் இல்லை" என்றேன். அது பொய். கதைக்காமல் இருந்தது நீதான். உனக்கு அது ஞாபகமில்லை, நாங்களும் பிறகு எடுத்துச் சொல்லவில்லை. சண்டை மூண்டு எங்கள் ஊர் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு ஏழு வயது. பற்றைக்குள் ஒளிந்திருந்தோம், ஆட்கள் நடக்கிற சத்தம் கிட்டக் கேட்டது, நீ அழத் தொடங்கினாய். நான் உன் வாயைப் பொத்தினேன். மூச்செடுக்க ஏலாமல் நீ என் கையைக் கடித்தாய், அப்போதும் விடவில்லை. "சத்தம் போட்டா எல்லாரும் சாவம்" என்று காதுக்குள் சொன்னேன். அதன்பிறகு ஏழு மாதம் நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அகதி முகாமில் நீ முதல் கதைத்தது என்னோடு இல்லை, பாக்கியரத்தினம் மாமாவின் ஆட்டுக்குட்டியோடு. "வா, பயப்பிடாத" என்றாய். நான் கூடாரத்துக்கு வெளியே நின்று கேட்டேன், கிட்ட வந்தால் நிறுத்திவிடுவாயோ என்ற பயத்தில் உள்ளே வரவேயில்லை. அதனால்தான் இப்போது குதிரையைப் பழிக்க மனம் வரவில்லை. உன்னால்தான் பேரப்பிள்ளையும் இப்படி என்று எழுதிவிடுவார்களோ, நீயும் அப்படி நினைப்பாயோ என்று பயந்துதான் மறைத்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, படித்தவர்கள் சொல்லட்டும். இதை அந்த ரீச்சருக்கு வாசித்துக் காட்டு.

இன்னொன்று. அந்த வீடியோவில், ஏற்றுவதற்கு முன், குதிரை தலையைத் தாழ்த்தி ஆரூரனுக்குக் கிட்ட வருகிறது. அவன் கண்ணை விரித்து, ஏதோ சத்தம் போட வாயைத் திறக்கிறான். குதிரை வெருண்டுவிடும் என்று பயந்து நீ அவன் வாயைப் பொத்துகிறாய். உனக்கே தெரிந்திருக்காது. நான் பார்த்தவுடனே அது என் கை என்று தெரிந்துவிட்டது.

அம்மாளாச்சி உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். குளிருக்குப் பிள்ளையின் காதை மூடிவிடு. வாயை மூடாதே. எனக்குப் பயமாய்த்தான் இருக்கிறது, என்றாலும் அவன் கத்தட்டும், மகள்.

உன் அம்மா,
தயாளினி குலசிங்கம்