ரத்தத்தில் துரு

பக்கத்து வீட்டு கேட்டை இன்று காலை சுரண்டினார்கள். கம்பி பிரஷ் இரும்பில் உரசும் சத்தம் கேட்டதுமே எனக்கு உடம்பு கூசியது. பிறகு ரெட் ஆக்சைடு பெயின்ட் வாசனை வந்தது. அந்த வாசனையோடுதானே தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல நாட்கள் எத்தனையோ இருக்க, எனக்கு ஞாபகம் வந்தது அந்த அரிப்புக் காலம்தான்.

நம் குழந்தை கயலுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. அணுபுரத்தைத் தாண்டி ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அணுமின் ப்ளான்ட்டில் கான்ட்ராக்டரிடம் உங்களுக்கு பெயின்டர் வேலை. உப்புக்காற்றில் துருவேறும் குழாய், ஏணி, கைப்பிடி எல்லாவற்றையும் சுரண்டி ப்ரைமர் அடிக்க வேண்டும். விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியபோது பெயின்டில் கலக்கும் தின்னர் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். மெடிக்கலில் கேட்டு ஏதோ களிம்பு பூசினீர்கள். அது மணிக்கட்டுக்கு ஏறி, இடுப்புக்கு வந்து, தொடை வரை இறங்கியது. பொழுது சாய்ந்தால் போதும், சொறிந்து சொறிந்து பனியனெல்லாம் ரத்தப் பொட்டு.

எனக்கு ஒரே பயம்தான். குஷ்டம். எங்கள் ஊரில் ஒருவரை அதற்காகச் செங்கல்பட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டதும், அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கப் போகாததும் சிறு வயதிலிருந்தே மனதில் கிடந்தது. அந்த நோய் வந்தால் உணர்ச்சி போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் அசந்து தூங்கும்போது ஊக்கால் உங்கள் உள்ளங்காலில் லேசாகக் குத்திப் பார்த்தேன். துள்ளி எழுந்தீர்கள்.

"இன்னாம்மே பண்ற?"

"கொசுங்க" என்றேன்.

உணர்ச்சி இருக்கிறது என்று தெரிந்தும் என் பயம் போகவில்லை. மறு காலைக் குத்தியிருக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நீங்கள் மட்டும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணியும் இல்ல. ரத்தம் எடுத்தாங்க, மருந்து குட்த்தாங்க. அவ்ளோதான்."

அன்றிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டீர்கள். தட்டு தனி, சொம்பு தனி. கயல் ஓடி வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கினீர்கள். ஆஸ்பத்திரியில் குஷ்டம் என்றே சொல்லிவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதை வாய்விட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்பதுபோல இருந்தது. இதற்குள் எனக்கும் வயிற்றைச் சுற்றி அரிக்கத் தொடங்கியிருந்தது. அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் நீங்கள் செருப்பைக் கழற்றும்போது கயல் வந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். "கிட்ட வராத" என்று கத்தி உதறினீர்கள். குழந்தை வாசற்படியில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள். நீங்கள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

"எனக்கு ரேடியேஷன் ஏறிட்ச்சும்மே. ரத்தத்துல கீதாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. வூட்ல எல்லாரயும் இட்டுகினு வாங்கன்னாங்க. உங்களுக்கும் ஏறியிருக்கும்னுதான சொல்றாங்க?"

"ரேடியேஷன் அளக்க நீங்க போட்டுகினு போற பேட்ஜ் இன்னா சொல்லுது?"

"அதுல ஒண்ணியும் காட்டல. அதான் இன்னும் பயமா கீது."

ஆஸ்பத்திரியில் கொடுத்த ட்யூபைப் பிரிக்காமலே பையில் வைத்திருந்தீர்கள். க்ரீம் பூசினால் ரேடியேஷன் போய்விடுமா என்று என்னையே கேட்டீர்கள். அப்போதுதான் நான் குஷ்டம் என்று பயந்ததையும், ஊக்கால் குத்தியதையும் சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அந்த டாக்டரம்மாவுக்கு இளவயது. மேல்படிப்பு படித்துக்கொண்டே அரிப்பு நோய்க்காரர்களின் ரத்தத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே ரேடியேஷன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"நீங்கதாம்மா."

கொஞ்சம் யோசித்தவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஃப்ரீ ராடிகல்னு சொன்னேங்க. பேருதான் ஒரே மாதிரி கேக்குது, அது வேற, இது வேற. புரியற மாதிரி சொல்லாதது என் தப்புதான்."

என் பயத்தையும் அவரிடம் சொன்னேன். "அந்த நோயில இப்படி அரிக்காதும்மா. இது சிரங்கு" என்றார். உங்கள் விரல் இடுக்கில் லேசாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, எட்டுக் கால், உருண்டை உடம்பு, மெல்ல அசைந்தது. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுமாம்.

உங்களுக்கு ரத்த விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. "அந்த ராடிகல் இன்னா பண்ணும்?"

"பூச்சியை எதிர்த்து உடம்பு சண்டை போடுதில்ல, அப்ப உண்டாகிற கழிவு. கொஞ்சமா இருந்தா உடம்பே சமாளிச்சுக்கும். அதிகமாயிட்டா இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி செல்லை அரிக்கும். உங்க மாதிரி ஆளுங்க ரத்தத்துல அது எவ்வளவு கூடுது, குணமானா குறையுதான்னுதான் பார்க்கிறோம்."

துரு என்றதும் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "மேல கீற துரு கண்ணுக்குத் தெரியும்மா. குழாய்க்கு உள்ள பிடிச்சா, உடையறப்பதான் தெரியும்" என்றீர்கள்.

டாக்டரம்மா உங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார். "உடம்பு இரும்பு இல்லைங்க. அதுக்குத் தன்னைத் தானே சரிபண்ணிக்கத் தெரியும். முதல்ல பூச்சியை ஒழிப்போம். ஒருத்தர் மட்டும் பூசினா போதாது, மூணு பேரும் ஒரே நாள்ல பூசணும்" என்றார்.

அன்று சாயங்காலமே துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன். கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக்கொண்டோம். கயலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீங்கள்தான் பூசினீர்கள். அத்தனை நாள் தொடாத கை என்பதால் அவள் முதலில் பின்வாங்கினாள். பிறகு உங்கள் மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் முறை பூசிய பிறகு மெல்ல மெல்ல அரிப்பு நின்றது. மாமல்லபுரம் கடற்கரையில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தீர்கள். அன்றுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அதற்குப் பிறகு பல வருடம் நன்றாகத்தான் இருந்தீர்கள். ஒரு நாள் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். அந்தக் காலத்துத் துரு உள்ளேயே தங்கிவிட்டதா என்று ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பீடியும் கவனிக்காத சர்க்கரையும்தான் என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் சில நாள் என் கையை வெளிச்சத்தில் நீட்டி, நரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த நாளுக்குப் பிறகு உங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு இன்னா பயம், சொல்லு" என்பீர்கள். வாடகை, காய்ச்சல், உங்கள் அம்மாவின் கோபம், எதுவானாலும் தட்டு காலியாவதற்குள் சொல்லிவிட வேண்டும். நீங்களும் சொல்வீர்கள்.

கயல் இப்போது படூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். நேற்று சாயங்காலம் போனில் அவளிடம் அதையே கேட்டேன். பரீட்சை என்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா மாதிரியே நீயும் திடீர்னு போய்டுவியோன்னுதான்மா" என்றாள்.

"எனக்கும் அதே பயந்தான் கண்ணு" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். சனிக்கிழமை அவள் வருகிறாள். சர்க்கரை, இதயம் எல்லாவற்றையும் பார்த்துவிட இரண்டு பேரும் சேர்ந்து செங்கல்பட்டுக்குப் போகிறோம்.

பயமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டேன்.