சரோஜா கடிக்காத நூல்

ஆடி 9, வெள்ளி

காலையில் சரோஜா என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். நூலைக் கடிக்க வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் பல்லாலேயே நூலறுத்தவள்.

போன வருடம் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. எலும்பு பலப்பட வருடத்துக்கொருமுறை போட்ட ஊசியால் தாடை எலும்பே செத்துவிட்டதாம். நேற்று டாக்டர் சொன்னார். பல் பிடுங்குமுன் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டார்கள். இல்லையென்றோம்.

"ஊசியப் பத்தி ஆருங்க கேட்டாங்க?" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். யாரைக் கோபித்துக்கொள்வது?

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையை என்னிடம் நீட்டினாள். "ஏனுங்க, நீங்க கடிச்சு உடுங்க."

கடித்துக் கொடுத்தேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.